கண்ணாடி டிரெசரின் மீன் தொட்டி

ஆண்டவன் கோபத்தை மலாயா முழுவதற்கும் பங்கு போட்டுக் கொடுத்தபோது, கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பங்கு மொத்தத்தையும் ஒரே மனுஷர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்களுக்கெல்லாம் மிஞ்சியது வெறும் முணுமுணுப்புத்தான்.

அவர் அசாம் ஜாவாவுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெசர். அதாவது, ஆஸ்பத்திரிக் கொட்டகையில் காயம் கட்டி, பல் பிடுங்கி, காய்ச்சலுக்குக் கொயினா தண்ணி ஊற்றுகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். லயத்தில் குடியிருந்த தொழிலாளிகள் அத்தனை பேருக்கும் அவர் ‘கண்ணாடி டிரெசர்’. மூக்கில் கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குக் கழுகுக் கண். அந்தக் கண்ணால்தான் இருபது அடி தூரத்தில் நின்றுகொண்டே கண்ணாடியில் பட்ட கைரேகையைக் கண்டுபிடிப்பார்.

நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிற குமாஸ்தா. என் வீடும் அவர் வீடும் ஒரே கூரையின் கீழ். நடுவில் ஒரு பலகைச் சுவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் இரண்டு வருஷம் அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் குடியிருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் அவரிடம் வாங்கிய வசவையெல்லாம் நெல்லாக அளந்து போட்டிருந்தால் இன்றுவரை நான் அரிசிக் கடைப் பக்கமே போயிருக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மீன் தொட்டி.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு சின்னத் துரை பங்களாவில் விட்டுப்போன சாமான் அது. இரும்புச் சட்டம், நாலு பக்கமும் தடித்த கண்ணாடி. ஒரு கைக்குழந்தையைத் தாராளமாகப் படுக்க வைக்கலாம், அவ்வளவு நீளம். டிரெசர் அதைக் கேட்டு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, கட்டிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து வந்தார். பள்ளம் வந்த இடமெல்லாம் வண்டிக்காரனைத் திட்டினார். பள்ளம் வராத இடத்தில் மாட்டைத் திட்டினார்.

தொட்டியை ஆஸ்பத்திரி வாசலில், மருந்துக்கு வரிசை நிற்கிற இடத்தில், ஒரு மேசை போட்டு வைத்தார். உள்ளே நீளமான மீசையோ தங்கச் செதிலோ உள்ள மீன் ஒன்றும் இல்லை. ஓடையில் பிடித்த விரல் நீளக் குஞ்சு மீன்கள் பத்துப் பதினைந்து. தினம் காலையில் வரிசை சேர்ந்ததும் ஒரு கிண்ணம் நிறையக் கொசுப்புழுவைக் கொண்டுவந்து அதில் கவிழ்ப்பார். மீன்கள் பாயும். இரண்டு நிமிஷத்தில் ஒரு புழு மிஞ்சாது.

“பாத்தியளோ? கிண்ணம் நிறைய நுளம்புக் குஞ்சு போட்டனான். இப்ப ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்!”

“நொளம்புன்னா என்னா சாமி?” என்றான் ஒருவன்.

“உன்ரை காதுக்குள்ளை வந்து பாடுதே, அது!”

“அட, கொசு!”

“அதுதான்! அது கடிச்சுத்தான் உனக்குக் காய்ச்சல். அது பிறக்கிறது தேங்கிக் கிடக்கிற தண்ணியிலை. அதை இது தின்னுது. விளங்குதோ? விளங்காட்டி நாளைக்கும் வந்து பார்!”

காய்ச்சல் இல்லாதவர்களும் அதைப் பார்க்க வந்தார்கள். பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டுமே! அங்கேதான் டிரெசருக்கும் உலகத்துக்கும் சண்டை ஆரம்பமாயிற்று.

கண்ணாடிக்குள் பச்சை படரும். அதற்கு ஒரு தட்டைக் குச்சியில் பழைய பிளானல் துணியைச் சுற்றி வைத்திருந்தார். துணிக்குப் போகாத பச்சைப் புள்ளிக்குச் சவரக்கத்தி. கத்தியைச் சாய்த்துப் பிடித்து, மூச்சை அடக்கி, மாப்பிள்ளைக்கு மழிக்கிற நாவிதனைப்போல் ஒரே இழுப்பு. அந்த நேரத்தில் யாராவது இருமினால் தொலைந்தான். மருந்து கொடுக்கிற இடத்தில் இருமக் கூடாது என்று சட்டம் போட்ட ஒரே டிரெசர், எனக்குத் தெரிந்து, அவர்தான்.

கீறல் என்றால் அவருக்கு உயிரே போய்விடும். “பச்சையைத் துடைக்கலாம், கறையைக் கரைக்கலாம், கீறல் விழுந்தா விழுந்ததுதான் காணும்!” என்பார். அதனால் வளையல் போட்ட பெண்கள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டுதான் கிட்ட வர வேண்டும். மோதிரம் போட்டவன் கழற்ற வேண்டும். ஒரு நாள் புதிதாக வந்த மண்டோர் ஒருவன், தொழிலாளிகளை மேய்க்கிற அதே மிடுக்கோடு, மோதிர விரலால் கண்ணாடியை டக் டக்கென்று தட்டி, “மீன் தூங்குதுலா!” என்றான். டிரெசர் அப்போது உள்ளே ஒரு கிழவரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இடுக்கியைக் கிழவர் வாயிலேயே விட்டுவிட்டு வெளியே பாய்ந்தார். மண்டோரை ஆபீஸ் வாசல் வரைக்கும் துரத்தி, மோதிரத்தைக் கழற்ற வைத்து, பூதக்கண்ணாடி வைத்துக் கண்ணாடியைச் சோதித்து, கீறல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்பிய பிறகுதான் கிழவருக்கு வாயை மூடும் பாக்கியம் கிடைத்தது.

இவ்வளவும் செய்தும் ஒரு தொல்லை அவரை விடவில்லை. தண்ணீர் நிற்கிற மட்டத்தில் வெள்ளையாக ஒரு பட்டை படிந்துகொண்டே வந்தது. துடைத்தால் போகாது. ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஊற்றுகிற காடியைக் கொஞ்சம் வாங்கி வந்து, தண்ணீரை மட்டத்துக்குக் கீழே இறக்கி, துணியில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுப்பார். போகும். பத்து நாளில் திரும்பவும் வந்து நிற்கும்.

பழி என் மேல் விழுந்தது.

“நீர்தானே கிணத்துத் தண்ணியைக் கொண்டுவந்து ஊத்தினனீர்? உப்புத் தண்ணி காணும் அது!”

“எனக்கு வேறு வேலை இல்லையா? உங்கள் மீனுக்குத் தண்ணீர் ஊற்றத்தான் கப்பல் ஏறி வந்தேனா?”

“பின்னை எங்கை இருந்து வருது? நான் ஊத்திறது மழைத்தண்ணி!”

இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பலகைச் சுவரைப் பார்த்துத்தான் திட்டினார். வழக்கைத் தீர்த்து வைத்தவள் முனியம்மா. பால் மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். முந்தின வருஷம் காய்ச்சலில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். மருந்துக்கு வந்தால் மற்றவர்கள் மீனைப் பார்ப்பார்கள், அவள் புழு தீருகிற வரைக்கும் புழுவைப் பார்ப்பாள். அவள்தான் ஒரு நாள் தொட்டியின் அடியைக் காட்டிக் கேட்டாள்:

“இதென்னா சாமி, அடியில சிப்பி பரப்பி வச்சிருக்கீங்க?”

“கெராங் ஓடு. கோலசிலாங்கூர்க் கடற்கரையிலை பொறுக்கினது. மீனுக்கு வடிவா இருக்கட்டும் எண்டு.”

“சிப்பியைச் சுட்டுத்தானே எங்கூர்ல வெத்திலைக்குச் சுண்ணாம்பு எடுப்பாங்க. அதைத் தண்ணியில ஊறப் போட்டா சுண்ணாம்பு வராம சந்தனமா வரும்?”

டிரெசர் அவளைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டு, ஒவ்வொரு சிப்பியாக எடுத்து வாசலுக்கு அப்பால் வீசினார். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு வசவு. வசவெல்லாம் சிப்பிக்குத்தான். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

ஆனால் என் கோபம் ஒரு கோபமா? அந்தத் தோட்டத்தில் கோபப்பட வேண்டிய விஷயம் வேறு இருந்தது. லயத்துக்குப் பின்னால், வீடுகளிலிருந்து நாற்பது தப்படித் தூரத்தில், ஒரு வாய்க்கால் அடைத்துக்கொண்டு கறுப்பாகத் தேங்கிக் கிடந்தது. டிரெசர் கிண்ணம் கிண்ணமாகப் புழு அள்ளியது அங்கேதான். தண்ணீர் வடிய வழி வெட்டச் சொல்லிப் பெரிய துரைக்கு அவர் எழுதிய கடிதங்களை நான்தான் ஆபீசில் வாங்கி மேசையில் வைப்பேன். துரை தோட்டத் தமிழில் ஒரே பதில் வைத்திருந்தார்: “ஆள் எல்லாம் வாய்க்கால் வெட்டினா, பால் யார் வெட்றது?” ஒரு தடவை, “கூலி வீட்டுக் காய்ச்சல் கூலி அழுக்கில் வருது” என்றும் சொன்னார். அந்த வாரம்தான் லயத்தில் இரண்டு குழந்தைகளைப் புதைத்திருந்தோம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆமாம், ஆட்டினேன்.

அரசாங்கத்து ஹெல்த் ஆபீசர் தோட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. டிரெசர் தொட்டியின் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பை இறக்கினார். இரண்டு பக்கமும் அந்த வாய்க்கால் தண்ணீர். ஒரு பக்கம் மீன் விட்டார், மறுபக்கம் விடவில்லை. சில நாளில் மீன் இல்லாத பக்கம் கொதிக்கிற உலைபோலப் புழு துள்ளியது. “வெள்ளைக்காரன் கடிதம் வாசிக்கமாட்டான் காணும். கண்ணாலை காட்டினா அவனும் மனுசன்தானே!” என்றார்.

வருகைக்கு முந்தின நாள் டிரெசர் கொயினா வாங்கக் கோலசிலாங்கூருக்குப் போயிருந்தார். துரை என்னைக் கூப்பிட்டார்.

“கிராணி! ஆஸ்பத்திரி வாசல், அந்தப் பச்சைப் பெட்டி, ரொம்ப நாத்தம். தண்ணி கொட்டு. மணல் போட்டு நல்லா தேய். உள்ளே, வெளியே. நாளைக்குப் பளபளன்னு இருக்கணும்.”

நான் யோசிக்கவில்லை. துரை சொன்னால் யோசிக்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை. மீன்களை வாளியில் விட்டேன். தண்ணீரைக் கொட்டினேன். தேங்காய் நாரும் மணலும் சாம்பலும் போட்டு, எங்கள் வீட்டில் வெண்கலப் பானை துலக்குகிற மாதிரி, உள்ளும் புறமும் தோள்பட்டை கழலத் தேய்த்தேன். ஈரமாக இருக்கும்போது பிரமாதமாக இருந்தது. காய்ந்ததும் பார்த்தால் நாலு கண்ணாடியும் மோர் பூசியதுபோல நின்றன. சோப்பு என்று நினைத்துத் துடைத்தேன். சோப்பு இல்லை.

மாலை நாலு மணிக்கு டிரெசர் வந்தார்.

“ஆர் செய்தது?”

“நான்தான். சுத்தம்...”

அதற்குப் பிறகு வந்ததை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. அச்சடிக்கக் கூடியவற்றில் மென்மையானது ‘மடைச்சாம்பிராணி’. லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

“துரை சொன்னார்!” என்று கத்தினேன்.

“துரை சொன்னா உம்முடைய கண்ணையும் மணல் போட்டுத் தேய்ப்பீரோ?”

எனக்கும் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு வருஷத்து ஆத்திரமும் ஒரே மூச்சில் வந்தது. “என்னை ஒரு நாளாவது மனுஷனாக மதித்தீர்களா? அந்த மீனுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதி எனக்கு உண்டா?”

“மீன் வேலை செய்யுது காணும்! நீர் என்னத்தைச் செய்யிறீர்? தலையாட்டுறீர்!”

“மணல் போடு என்று சொன்னதே அந்த ஆள்தான்! உள்ளே வெளியே என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவரைப் போய்க் கேளுங்கள்!”

டிரெசர் நிறுத்தினார். “மணல் எண்டு துரையோ சொன்னவர்?”

“ஆமாம்.”

“போன மாசம் தன்ரை காரின்ரை முன் கண்ணாடியை மண் துணியாலை துடைச்சான் எண்டு டிரைவரை அறைஞ்சவர். மணல் பட்டா என்ன நடக்கும் எண்டு அவருக்குத் தெரியும்.”

நான் பானை துலக்கவில்லை. அத்தாட்சியைத் துலக்கியிருக்கிறேன். அந்த மாலையில்தான் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆள் மேல் கோபப்பட்டோம்.

தடுப்பை இறக்கி, தொட்டியைத் திரும்ப நிரப்பி, மீன்களை அவற்றின் பக்கத்தில் விட்டோம். உள்பக்கத்துக் கீறலைத் தண்ணீர் பாதி மறைத்தது. வெளிப்பக்கம் பால்போல அப்படியே நின்றது. “தட்டான் மெருகு போடுற செம்பொடி கிடைச்சாலும் ஒரு கீறலுக்கு ஒரு நாள் தேய்க்க வேணும். இதிலை ஆயிரம் கிடக்குது,” என்றார்.

மறுநாள் ஏழு மணிக்கு மருந்து வரிசை கூடியது. நடந்தது தெரியாத முனியம்மா, மீன் எங்கே என்று கண்ணாடியில் நெற்றியை ஒட்ட வைத்துப் பார்த்தாள். தலையில் எண்ணெய் வழிய வழிய வாரியிருந்தாள்.

“எடு தலையை! எண்ணெய்த் தலையைக் கொண்டுவந்து...”

பாதியில் நின்றுவிட்டார். அவள் தலை பட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி பளிச்சென்று திறந்திருந்தது. அதன் வழியாக ஒரு மீன் எங்களைப் பார்த்தது.

“பிள்ளை, திரும்ப வை தலையை.”

“வேணாம் சாமி, தெரியாம வச்சிட்டேன்.”

“வை எண்டுறன்!”

அழுதுகொண்டே வைத்தாள். எடுத்தாள். இன்னொரு ஜன்னல் திறந்தது. டிரெசர் உள்ளே ஓடித் தேங்காய் எண்ணெய்ப் புட்டியோடு வந்தார். பிளானலில் தொட்டு மெல்லியதாகப் பூசி, மேலாக ஒரு துடை. கீறல் போகவில்லை. எண்ணெய்க்குள் போய் ஒளிந்துகொண்டது. “சும்மா என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? கெதியா வாய்க்காலுக்கு ஓடும்!” என்று என் மேல் பாய்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு வாளி நானே மொண்டு வந்தேன். தடுப்பின் இரு பக்கமும் ஊற்றினோம். ஒரு பக்கம் மீன்கள் விருந்து சாப்பிட்டன. மறுபக்கம் புழு நெளிந்தது.

ஒன்பது மணிக்கு ஹெல்த் ஆபீசர் துரையோடு வந்தார். துரையின் முகத்தில் சிரிப்பு இருந்தது. தொட்டியைப் பார்த்ததும் அது எங்கேயோ போயிற்று. ஆபீசர் குனிந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். டிரெசர் சொன்னார். துரை இடைமறித்து, இந்த ஆள் பைத்தியம், புழுவை இங்கேயே வளர்க்கிறான் என்றார்.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். “கிளார்க், நீ சொல். எங்கே எடுத்தது?”

எனக்கு ஊரில் பெண் பேசி முடித்திருந்தார்கள். கிராணி உத்தியோகம் என்று சொல்லித்தான் அவர்கள் சம்மதித்திருந்தார்கள். துரை என்னைப் பார்த்தார். முனியம்மா, கூட வந்திருந்த தன் சின்ன மகளின் தோளைப் பிடித்தபடி பார்த்தாள். டிரெசர் கெஞ்சுகிற பார்வை ஒன்றும் பார்க்கவில்லை. வழக்கம்போல முறைத்தார்.

“லயத்துக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில், ஐயா. இன்று காலையில் நானே மொண்டு வந்தேன்.”

ஆபீசர் அங்கே நடந்தே போனார். சேற்றில் முழங்கால் வரை ஒரு கால் புதைந்தது. காலை உருவினார், பூட்ஸ் வரவில்லை. ஒற்றை பூட்ஸோடு ஆபீசுக்கு வந்து அங்கேயே உத்தரவு எழுதினார். அந்த வாரமே வாய்க்கால் வெட்டினார்கள். அதை மேற்பார்வை பார்க்க என்னைத்தான் துரை நிறுத்தினார். பத்து நாள், கொட்டுகிற மழையில். வேலையை மட்டும் ஏன் பிடுங்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டிரெசரை மறுமாதம் அனுப்பிவிட்டார்கள். காரணம், ‘பணிவின்மை’. அந்த ஓலையை என் கையாலேயே பிரதி எடுக்க வேண்டியிருந்தது. மீன்களைப் புது வாய்க்காலில் விட்டுவிட்டு, தொட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, என்னிடம், “கவனமா இரும்” என்றுகூடச் சொல்லாமல், “உம்முடைய கையெழுத்து விளங்குதில்லை!” என்று கத்திவிட்டுப் போனார்.

அவருக்குப் பதிலாக வந்த டிரெசர் தங்கமான குணம். குரலை உயர்த்திப் பேசமாட்டார். நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆறு மாதம் கழித்து எனக்கே காய்ச்சல் கண்டது. புது டிரெசர் சிரித்துக்கொண்டே, “ஒன்றுமில்லை, தானாக விட்டுவிடும்” என்றார். மூன்று நாளாகியும் விடவில்லை. நாலாம் நாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கோலசிலாங்கூரில் ஆற்றைக் கடந்து, சரக்கு லோரி ஒன்றில் மூட்டைகளுக்கு நடுவே நடுங்கிக்கொண்டே சுங்கை ஆயர் தாவார் பக்கம் பழைய டிரெசர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மூண்டு நாளாச் சும்மா கிடந்தனீரோ? விசரே உமக்கு? படும் அங்கை!”

தன் கட்டிலையே காட்டினார். அவர் கீழே பாய் விரித்துக்கொண்டார். கஞ்சி குடிக்கவில்லை என்று திட்டினார், குடித்த வேகத்துக்குத் திட்டினார், கொயினாவுக்கு முகம் சுளித்ததற்குத் திட்டினார். கல்யாணம் எப்போது என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்காகவும் சேர்த்துத் திட்டினார்.

நான் அங்கே போன ஐந்தாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. விட்டதை ஒன்பதாம் நாள்தான் அவரிடம் சொன்னேன்.